கத்தியின்றிச் செய்யும் மூளைச் சத்திரசிகிச்சையும் மலையகச் சிறாரும்

மலைநாட்டு மழையை அறிந்தவர்க்குக் கானின் பயனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலைச் சரிவுகளின் குறுக்கே வெட்டப்பட்ட கான்கள், உச்சியிலிருந்து பாய்ந்துவரும் நீரை ஏற்று, அதன் வேகத்தைத் தணித்து, மெல்ல மெல்லப் பள்ளத்து ஓடையிற் சேர்க்கின்றன. கான் வெட்டாது விட்ட மலையிலோ நீர் நேரே கீழிறங்கும், மண்ணை அரிக்கும், கற்கட்டை உடைக்கும், சில வேளைகளிற் கீழேயுள்ள லயத்தையும் வாரிச் செல்லும். மனித மூளைக்குள்ளும் இத்தகைய நீரோட்ட ஒழுங்கொன்று உண்டு. அவ்வொழுங்கு பிழைத்துப்போன சிறாரின் நோயும், அந்நோய்க்குச் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியிற் கண்டறியப்பட்ட கதிர்ச் சத்திரசிகிச்சையும், தேயிலைத் தோட்டத்திலே பிறந்த ஒரு பிள்ளைக்கு அச்சிகிச்சை எவ்வளவு பயன்படும் என்பதும் இக்கட்டுரையின் பொருளாகும்.

இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய்கள் நாடிகள். இதயத்துக்குத் திருப்பிக் கொணர்வன நாளங்கள். நாடிகள் தடித்த தசைச் சுவருடையன; ஆதலின் இதயத் துடிப்பின் முழு அழுத்தத்தையும் தாங்கவல்லன. நாளங்களோ மெல்லிய சுவருடையன. இவ்விரண்டுக்கும் நடுவே கண்ணுக்குப் புலனாகாத மயிர்க்குழாய்கள் வலைபோல் விரிந்துள்ளன. குருதி இவ்வலையினூடு ஊர்ந்து செல்லும்போதே பிராணவாயுவை மூளைக்கு ஈகின்றது. தன் வேகத்தையும் இழக்கின்றது. மலைச்சரிவுக்குக் கான்கள் எவ்வாறோ அவ்வாறே மூளைக்கு மயிர்க்குழாய்கள் என்க. சிலரது மூளையின் ஓரிடத்தில் இவ்வலை அமையாது, நாடிகள் நாளங்களோடு நேரடியாக இணைந்து, புழுக்கூட்டம்போற் சுருண்டு ஒரு முடிச்சாகி விடுகின்றன. நாடி–நாளப் பிறழமைப்பு என்பது இதுவே. இது பெரும்பாலும் பிறவியிலேயே அமைவதாகக் கருதப்படுவது. தாயின் உணவினாலோ பிள்ளையின் நடத்தையினாலோ வருவதன்று. எவரையும் குற்றஞ்சாட்டுதற்கு இதில் இடமில்லை.

நாடியின் அழுத்தம் முழுவதும் நாளத்தின் மெல்லிய சுவரிற் பாய்வதால் அச்சுவர் நாளடைவிற் புடைத்து நலிகின்றது. ஒரு நாள் வெடிக்கின்றது. அடிபடாத ஒரு பிள்ளைக்கு மூளையிலே திடீரெனக் குருதிப் பெருக்கு ஏற்படுமாயின், அதற்கு மிகப் பொதுவான காரணம் இப்பிறழமைப்பே. வளர்ந்தோரிற் பலர்க்கு இது வலிப்பினாலோ தலைவலியினாலோ முன்னரே வெளிப்படுவதுண்டு. சிறாரிலோ முதல் அறிகுறியே குருதிப் பெருக்காக இருப்பது பெரிதும் காணப்படுகின்றது.

ஆண்டொன்றுக்கு நூற்றில் 2 முதல் 4 வரையே வெடிக்கும் வாய்ப்பு என்று நூல்கள் கூறும். இவ்வெண் சிறிதெனத் தோன்றும். ஆயினும் பிள்ளைப் பருவத்துக்கு அது சிறிதன்று. ஆண்டுக்கு 3 வீதம் எனக் கொண்டு, 10 வயதுப் பிள்ளைகள் 100 பேரை எடுத்துக்கொண்டால், 20 வயதுக்குள் அவர்களில் ஏறத்தாழ 26 பேர் குருதிப் பெருக்குக்கு ஆளாவர்; 60 வயதுக்குள் ஏறத்தாழ 78 பேர் ஆளாவர். அறுபது வயது முதியவர்க்கு, “இருப்பது இருக்கட்டும்” என்று வைத்தியர் சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வாறு சொல்வதற்கு மிகுந்த காரணம் வேண்டும். 2014ஆம் ஆண்டில் வெளியான ‘அரூபா’ என்னும் பன்னாட்டு ஆய்வு, வெடிக்காத பிறழமைப்புகளில் தலையிடுவதைவிட மருந்தோடு நிறுத்திக்கொள்வதே முதற் சில ஆண்டுகளிற் பாதுகாப்பானது என்று கண்டது. இவ்வாய்வு பெரும் வாதத்தைக் கிளப்பியது. எனினும் அது 18 வயது நிறைந்தவர்களை மட்டுமே ஆராய்ந்தது என்பதையும், பின்தொடர்ந்த காலம் மூன்றாண்டுக்கும் குறைவே என்பதையும் மறத்தலாகாது. முன்னே ஐம்பது, அறுபது ஆண்டு வாழ்வுள்ள பிள்ளைக்கு அம்முடிவை அப்படியே பொருத்துவது பொருந்தாது.

மலையகத்தில் இந்நோய் முதலிற் கொள்ளும் பெயர்கள் வேறு. பிள்ளைக்கு வலிப்பு வந்தால் அது காக்காய் வலிப்பு. கைகால் ஒருபுறம் சோர்ந்து வாய் குழறினால் முனி அடித்தது. பள்ளிக்கூடம் செல்லும் நேரத்தில் தலைவலி என்றால் வெயில் அல்லது வெறும் சாக்கு. பூசாரியிடம் மந்திரித்து நூல் கட்டுவதனால் மட்டும் தீங்கு நேராது. நூலைக் கட்டிக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லாது இருந்துவிடுவதே தீங்கு. திடீரென்று முன்னொரு நாளும் இல்லாத கடுந்தலைவலி, அதனோடு வாந்தி, மயக்கம், முதன்முறையாக வந்த வலிப்பு, ஒருபுறக் கைகால் சோர்வு, பேச்சுக் குழறல் ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டால் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. வெடித்த முடிச்சு மீண்டும் வெடிக்கும் வாய்ப்பு, அடுத்து வரும் ஓராண்டில் மிகுதியாகும்.

இதற்கு மருத்துவ உலகிலுள்ள வழிகள் மூன்று. மண்டையோட்டைத் திறந்து முடிச்சை அறுத்தெடுப்பது ஒன்று. தொடையின் நாடிவழியே நுண்குழாய் செலுத்தி, முடிச்சுக்குள் ஒட்டும் பொருளைப் பாய்ச்சி அடைப்பது மற்றொன்று. பெரும்பாலும் இது பிற வழிகளுக்குத் துணையாகவே பயன்படும். மூன்றாவது கதிர்ச் சத்திரசிகிச்சை.

இம்மூன்றாவது வழியின் வரலாறு சுவை மிக்கது. 1927ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரத்து ஈகாஸ் மோனிஸ், மூளையின் நாடிகளிற் சாயமேற்றி எக்ஸ்-கதிர்ப் படம் பிடிக்கும் முறையைக் கண்டார். அதன் பின்னரே இம்முடிச்சுகளை உயிருள்ளவரிடத்திற் காண முடிந்தது. 1947இல் அமெரிக்காவில் ஸ்பீகலும் வைசிசும், மனிதர் தலையிற் சட்டமொன்றைப் பொருத்தி, மூளையின் ஆழத்திலுள்ள எப்புள்ளியையும் நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று அளவுகளாற் குறிக்கும் முறையைப் பயன்படுத்தினர். சுவீடன் நாட்டு லார்ஸ் லெக்செல் 1949இல் தமக்கெனச் சட்டமொன்றை அமைத்தார். புள்ளி இதுவெனத் துணிந்த பின், அங்கு ஊசியைச் செலுத்துவதற்குப் பதிலாகக் கதிரைச் செலுத்தினால் என்ன என்று எண்ணினார். 1951இல் அவரே இம்முறைக்குக் கதிர்ச் சத்திரசிகிச்சை என்று பெயருமிட்டார். எண்ணம் கருவியாவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாயின. 1960களின் இறுதியில் ஸ்டொக்ஹோம் நகரில், 179 கோபால்ட்டு மூலங்களைக் கொண்ட முதற் காமாக் கருவி நோயாளர்க்குப் பயன்பட்டது. நாடி–நாளப் பிறழமைப்புக்கு அதனை முதன்முதல் 1970இற் பயன்படுத்தியவர் லெக்செலின் உடனுழைப்பாளர் லாடிஸ்லாவ் ஸ்டைனர்.

தமிழ்நாடு இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இற் சென்னையில் பா. இராமமூர்த்தியும் மூளைச் சத்திரசிகிச்சைத் துறைகளைத் தொடங்கினர். 1960களில் இராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி. எஸ். கனகா முதலியோர் சட்டம் பொருத்திப் புள்ளி காணும் அம்முறையைச் சென்னையிற் கையாண்டு உலகோர் கவனத்தை ஈர்த்தனர். கனகா, ஆசியாவின் முதற் பெண் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணருள் ஒருவர். இலங்கையில் 1956ஆம் ஆண்டு ஷெல்ரன் கப்ரால் கொழும்பில் இத்துறையைத் தொடங்கினார். இந்தியாவிற் காமாக் கருவி 1997இல் மும்பையிலும் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிலையத்திலும் வந்து சேர்ந்தது.

கருவி இயங்கும் விதத்தைத் தோட்டத்து உவமையொன்றால் விளக்கலாம். மாலையில் மலையின் பல பக்கங்களிலிருந்தும் கொழுந்துக் கூடைகள் ஒற்றையடிப் பாதைகள் வழியே மடுவத்தை நோக்கி வருகின்றன. எந்தவொரு பாதையிலும் சுமை பெரிதன்று. மடுவத்திலோ அத்தனை கொழுந்தும் குவிகின்றது. காமாக் கருவியில் ஏறத்தாழ 200 நுண்கதிர்கள் தலையைச் சூழ்ந்த பல திசைகளிலிருந்தும் ஒரே புள்ளியை நோக்கி வருகின்றன. முடிச்சிற் சேரும் கதிரின் அளவு 20 கிரே எனின், ஒவ்வொரு பாதையிலும் மூளை ஏற்பது ஒருவாறு அதன் இருநூற்றில் ஒரு பங்கே. எனவே வழியிலுள்ள மூளை பிழைக்கின்றது. குவியுமிடம் மட்டுமே தாக்குண்கின்றது. கோபால்ட்டு 60இன் வலிமை ஐந்தாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்திற் பாதியாகக் குறைந்துவிடும். மூலங்களைப் புதுப்பித்தல் பெருஞ்செலவு. 1980கள் முதல் நேர்கோட்டு முடுக்கி என்னும் பொறியாலும் இச்சிகிச்சை செய்யப்படுகின்றது. அதில் நிலையான கதிர் மூலம் இல்லை. மின்விசையால் எக்ஸ்-கதிரை உண்டாக்கி, தலையைச் சுற்றிச் சுழன்று பாய்ச்சும். புற்றுநோய்க்கும் அதே பொறி பயன்படுமாதலின் வசதி குறைந்த நாடுகளுக்கு அதுவே ஏற்றது எனலாம்.

சிகிச்சை நாளில் பிள்ளையின் தலையில் நான்கு திருகூசிகளால் இலேசான சட்டமொன்றைப் பொருத்துவர். வளர்ந்த பிள்ளைக்கு ஊசியிடம் மட்டும் மரத்துப்போக மருந்திடுவது போதும். சிறு பிள்ளைக்கு முழு மயக்கம் தருவர். சட்டத்தோடு காந்த அதிர்வுப் படமும் நாடிச் சாயப் படமும் எடுத்து, கணனியில் முடிச்சின் எல்லையை வரைவர். கதிர் பாயும்போது வலியில்லை, ஒலியும் பெரிதில்லை. சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். வெட்டு இல்லை, தையல் இல்லை. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ பிள்ளை வீடு திரும்பலாம்.

இவ்வெளிமையிலேதான் ஓர் ஆபத்தும் மறைந்துள்ளது. வீடு திரும்பும் பிள்ளையின் தலைக்குள் முடிச்சு முன்போலவே இருக்கின்றது. கதிர் அதனை எரித்துவிடவில்லை. குழாய்களின் உட்சுவரைக் காயப்படுத்தியிருக்கின்றது, அவ்வளவே. காயமுற்ற சுவர் மெல்ல மெல்லத் தடிக்கும்; தசைக் கலங்கள் பெருகும்; துளை ஒடுங்கும்; ஈற்றில் அடைபடும். இதற்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் செல்லும். சிலர்க்கு அதனினும் மிகும். சிறிய முடிச்சுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 முதல் 80 வரை முற்றாக அடைபடுகின்றன. அடைபடும் நாள்வரை வெடிக்கும் வாய்ப்பு நீங்குவதில்லை. முன்னர்க் கொண்ட 3 வீதக் கணக்கையே கொண்டால், மூன்றாண்டுக் காத்திருப்பில் 100 சிறாரில் ஏறத்தாழ 9 பேர்க்குக் குருதிப் பெருக்கு நேரலாம். பாதி அடைபட்ட முடிச்சும் காப்பளிப்பதன்று. முழுதும் அடைபட்டாலன்றிப் பிள்ளை பிழைத்ததாகக் கொள்ள முடியாது. ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரையான காலத்திற் சுற்றியுள்ள மூளை வீங்கித் தலைவலியோ சோர்வோ தரக்கூடும். பெரும்பாலோர்க்கு மருந்தாற் குறையும். நூற்றிற் சிலர்க்கு நிலைத்த குறையாகும்.

முடிச்சின் பருமனும் இங்கு முதன்மையானது. 3 சென்ரிமீற்றருக்குக் குறைந்த முடிச்சுக்கே கதிர் நன்கு பயன்படும். விட்டம் இருமடங்காயின் கன அளவு எட்டு மடங்காகின்றது. அவ்வளவு பெரிய இடத்துக்கு வேண்டிய கதிரைப் பாய்ச்சினால் அயல் மூளையும் கெடும். குறைத்துப் பாய்ச்சினால் முடிச்சு அடைபடாது.

இனித் தோட்டத்தை நோக்குவோம். தொழிலாளர் மருத்துவத்துக்கெனப் பிரித்தானிய ஆட்சியினர் சட்டங்கள் இயற்றியதுண்டு. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அவற்றுள் ஒன்று. அச்சட்டங்களின் வழியே எழுந்த தோட்ட மருந்தகங்கள் வாந்திபேதி, கொக்கிப்புழு, பிள்ளைப்பேறு ஆகியவற்றை எண்ணி அமைந்தவை. இன்றும் லயத்துப் பிள்ளைக்கு நோய் வந்தால் முதலிற் செல்லுமிடம் பல தோட்டங்களில் அம்மருந்தகமே. அங்குள்ளவர் வலிப்பையும் தலைவலியையும் எவ்வளவு விரைவிற் கண்டு மேலே அனுப்புகின்றார் என்பதிலேயே பிள்ளையின் விதி பாதி தீர்கின்றது. டிக்கோயாவில் இந்திய உதவியாற் கட்டப்பெற்ற 150 கட்டில் கொண்ட வைத்தியசாலை 2017ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்டது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 இலவச அம்புலன்சுச் சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது. கொழுந்து லொறியில் நோயாளரை ஏற்றிச் சென்ற காலத்தோடு ஒப்பிட இவை பெருமாற்றங்களே. ஆயினும் மூளைச் சத்திரசிகிச்சைக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ செல்லவேண்டும். சிறுவர் சிறப்பு வைத்தியசாலை பேராதனையில் உள்ளது. கதிர்ச் சத்திரசிகிச்சையோ மலைநகர்களில் இல்லை.

அட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துள்கலை வழியாகக் கொழும்பு செல்லும் பாதை ஏறத்தாழ 130 கிலோமீற்றர். அதற்கு முன், தோட்டத்து மேற்கணக்கிலிருந்து அட்டன் வரை இறங்கும் பாதை வேறு. அரச வைத்தியசாலையிற் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை என்பது இலங்கையின் பெருமை. ஆனால் ஒரு கிளினிக் நாளென்பது தாய்க்கு ஒரு பேர் இல்லாத நாள். நாட்சம்பளம் 1000 ரூபாயாவதற்கே பல்லாண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. 2021இலேயே அது கைகூடியது. தாயும் தந்தையும் இருவர் பேரும் விடுபட்டு, பஸ் கட்டணமும் தந்து, ஒரு படத்துக்காகச் சென்று வருவது எளிதன்று. பிள்ளை ஓடி விளையாடுகின்றது, பள்ளிக்குச் செல்கின்றது; “சுகமாகிவிட்டதே, எதற்கு வீண் செலவு” என்னும் எண்ணம் இரண்டாம் ஆண்டில் எழுவது இயல்பு. வலிப்பு மருந்து நின்றுபோவதும் அப்போதே.

கடல் கடந்து சென்று சிகிச்சை பெறுவது இதனினும் அரிது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்த மலையகத் தமிழருள் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. அதுவரை நாடற்றோராக இருந்தவர்க்குக் கடவுச்சீட்டு என்பதே பேச்சன்று.

இக்காரணங்களால், கத்தியில்லாச் சிகிச்சையே எப்போதும் மேலானது என்னும் பொதுக் கருத்தை மலையகத்துக்கு அப்படியே ஏற்றல் பொருந்தாது. முடிச்சு சிறிதாக, மூளையின் மேற்பரப்பில், பேச்சுக்கோ அசைவுக்கோ உரிய இடத்தைத் தொடாது இருக்குமாயின், தேர்ந்த கைகள் அதனை அறுத்தெடுத்த அன்றே ஆபத்து நீங்குகின்றது. மூன்றாண்டு காத்திருத்தலும், ஆண்டுதோறும் மலையிறங்குதலும் பெரிதும் குறைகின்றன. தலையைத் திறப்பது என்றவுடன் பெற்றோர் அஞ்சுவர். அவ்வச்சத்துக்காகவே கதிரைத் தேர்ந்தால், நகரத்தில் வாழும் பிள்ளைக்கு அத்தேர்வு பொருந்தலாம், நள்ளிரவில் வெடித்தால் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரை அடையப் பல மணிநேரம் செல்லும் பிள்ளைக்குப் பொருந்தாமற் போகலாம். முடிச்சு மூளையின் ஆழத்தில், தலமசுப் பகுதியிலோ மூளைத்தண்டிலோ இருப்பின் கத்தி செல்லும் வழியே கேடாகும்; அங்கேதான் கதிருக்கு ஒப்பான வழி வேறில்லை. ஆகவே வைத்தியர் முடிச்சின் பருமனையும் இடத்தையும் கேட்பதோடு, பிள்ளையின் வீடு எங்குள்ளது என்பதையும் கேட்டல் வேண்டும். அது மருத்துவத்துக்குப் புறம்பான வினாவன்று.

முடிச்சு அடைபட்டதென்று நாடிச் சாயப் படம் காட்டிய பின்னும் சிறாரிடத்து ஒரு கடமை எஞ்சுகின்றது. வளரும் மூளையில், முற்றாக மறைந்த பிறழமைப்பு மீண்டும் தோன்றியமை அரிதாயினும் கண்டறியப்பட்டுள்ளது. அதனால் பல நிபுணர்கள் 18 வயதளவில் மறுபடியும் ஒரு படம் எடுக்குமாறு கூறுவர். ஒன்பது வயதிற் கதிர் ஏற்ற பிள்ளை அவ்வயதில் லயத்தில் இருப்பதும் அரிது. தோட்டத்து இளைஞர் பலர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் சென்றுவிடுகின்றனர். அங்கே புதியதொரு வைத்தியர்முன் நிற்கும்போது, எவ்வாண்டு, எப்பக்கத்தில், எத்தனை கிரே என்று எழுதிய தாளும் பழைய படங்களும் அடங்கிய உறையொன்று கையில் இருந்தாலன்றி அவர் தொடக்கத்திலிருந்தே தேடவேண்டி வரும். மழை ஒழுகாத இடத்தில், பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து, அவ்வுறை வைக்கப்படுதல் வேண்டும்.